நீல டிரம்மின் பூர்வஜென்மம்

பழைய டிரம் கடை எதில் போய் நின்றாலும் முதலில் காதில் விழுவது ஒரே பேச்சுதான்: "ஃபுட் கிரேடு சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க." கேட்ட கேள்வி வேறு. "இதுல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று கேட்டாலும் பதில் "ஃபுட் கிரேடு"தான். மாடியில் மண்ணில்லா முறையில் கீரையும் லெட்டியூஸும் போடுகிறவர்கள் இந்த ஒற்றைச் சொல்லை நம்பித்தான் 200 லிட்டர் நீல டிரம்மைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வந்ததும் இரண்டு வாளித் தண்ணீரில் ஓர் அலசு, பம்பை இறக்கு, உரக்கரைசலைக் கல, முடிந்தது. பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சில நேரம் வேர் பழுப்பேறி வழவழக்கிறது. சில நேரம் ஏர் பம்பைப் போட்டால் தொட்டி முழுக்க நுரை. சில நேரம் மூன்று மாதம் கழித்தும் மூடியைத் திறந்தால் ஊறுகாய் வாசம். அப்போது உரத்தைத் திட்டுகிறோம், விதையைத் திட்டுகிறோம், வெயிலைத் திட்டுகிறோம். டிரம்மை மட்டும் யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் ஃபுட் கிரேடு ஆயிற்றே.

ஃபுட் கிரேடு என்பது டிரம்மின் பிறப்புச் சான்றிதழ். என்ன பிளாஸ்டிக்கில், என்ன சேர்மானத்தோடு வார்த்தார்கள் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உணவையும் குடிநீரையும் தொடும் பாலிஎத்திலீன் எப்படி இருக்கவேண்டும் என்று இந்தியாவில் ஐ.எஸ். 10146 என்ற தரம் இருக்கிறது. வெளிநாட்டு டிரம் என்றால் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த குறி இருக்கலாம். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்ற எண் இருந்தால் அது எச்டிபிஇ எனும் அடர்ந்த பாலிஎத்திலீன், அவ்வளவுதான். அந்த எண்ணுக்கும் உணவுக்கும் சம்பந்தமில்லை. இவை எதிலும், வார்த்த பிறகு அந்த டிரம் யார் வீட்டில் குடித்தனம் பண்ணியது என்ற தகவல் கிடையாது. பிறந்தபோது ஃபுட் கிரேடாக இருந்த டிரம்மில் முதலில் குளுக்கோஸ் பாகு வந்திருக்கலாம். அதைக் காலி செய்த ஆலை விற்க, வாங்கிய சாயப்பட்டறைக்காரர் அதில் துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னரைப் பிடித்து வைத்திருக்கலாம். அங்கிருந்து கடைக்கு வந்திருக்கலாம். மூன்று பிறவி. கடைக்காரர் சொல்வது முதல் பிறவியின் கதை. அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் சிக்கல்.

யுஎன் என்று தொடங்கி 1எச்1 அல்லது 1எச்2 என்று வார்ப்பிலேயே பதிந்த குறியைப் பார்த்ததும் "ஐயோ, கெமிக்கல் டிரம்" என்று பதறுகிறவர்களும் உண்டு. 1எச்1 என்றால் குறுகிய வாய் உள்ள பிளாஸ்டிக் டிரம், 1எச்2 என்றால் மேல்மூடி முழுதாகக் கழலும் டிரம். ஆபத்தான சரக்கை ஏற்றும் அளவுக்கு அந்த வார்ப்பு சோதனையில் தேறியிருக்கிறது என்பதே அதன் பொருள்; ஏற்றினார்கள் என்பதல்ல. அதே வார்ப்பில் வினிகரும் வரும். ஆக, குறிகள் பாதி வழிக்குத்தான் துணை. அவற்றைவிட அதிகம் பேசுவது ஸ்டிக்கர். சாய்சதுரக் கட்டத்துக்குள் செத்த மீனோ மண்டையோடோ தீச்சுவாலையோ இருந்த ஒட்டுத்தாளின் கால்வாசி மிச்சமிருந்தால்கூடப் போதும், விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். ஒட்டுத்தாளைச் சுரண்டி, அந்த இடத்தைத் தின்னரால் துடைத்துப் பளபளக்க வைத்திருந்தால் சந்தேகம் இன்னும் ஒரு படி கூடவேண்டும். மாங்கூழ் டிரம்மின் லேபிளைச் சுரண்ட யாருக்கும் அவசரமில்லை.

பூச்சிமருந்து, களைக்கொல்லி, சாயம், கரைப்பான் இருந்த டிரம் எந்தக் கழுவலுக்கும் உரியதல்ல. அபாயகரமான வேதிப்பொருள் ஒட்டிய காலிப் பீப்பாய்களை 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் முதல் அட்டவணையிலேயே கழிவாக வைத்திருக்கின்றன. அனுமதி பெற்றவர்கள்தான் அவற்றைக் கையாளவேண்டும். அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை. நான் பேச நினைப்பது "சாப்பாட்டுச் சரக்குதானே இருந்தது" என்று நிம்மதியாக வாங்கும் டிரம்களைப் பற்றி.

எது ஒட்டும், எது ஓடும்

இந்த விஷயத்தில் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது ஒரு தலைகீழ்க் கணக்கு. கலப்படமில்லாத ஆரஞ்சு எசென்ஸ் இருந்த டிரம் ஒன்று, அசிட்டிக் அமிலம் (வினிகரின் புளிப்பு) இருந்த டிரம் ஒன்று. இரண்டில் எது தண்ணீர்த் தொட்டிக்கு நல்லது என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் எசென்ஸைத்தான் காட்டுவார்கள். அது உணவு, மற்றது ஆசிட். ஆனால் பிளாஸ்டிக்குக்கு உணவு, ஆசிட் என்ற பாகுபாடெல்லாம் தெரியாது. அதற்குத் தெரிந்தது தண்ணீரோடு சேரும் பொருள், எண்ணெயோடு சேரும் பொருள் என்ற இரண்டு சாதிதான். எச்டிபிஇ பெட்ரோலியத்திலிருந்து வந்தது; மெழுகுக்குப் பங்காளி. தண்ணீரில் கரையும் உப்பு, சர்க்கரை, வினிகர் எல்லாம் பெரும்பாலும் அதன் மேல் தோலில் நிற்கும், உள்ளே அதிகம் போகாது. எண்ணெய், வாசனை எண்ணெய், எசென்ஸ், மண்ணெண்ணெய் வகையறா அதன் சுவருக்குள்ளேயே ஊறும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயின் முக்கியச் சரக்கான லிமோனீன் பாலிஎத்திலீனை லேசாக உப்பவே வைக்கும். வெயில் ஏற ஏற உள்ளே போவதும் கூடும், பிறகு வெளியே கசிவதும் கூடும். சுவருக்குள் போனதைச் சோப்பு எப்படி எடுக்கும்? கழுவுவது மேல்தோலை. வாசனை இருப்பது சதையில்.

இதைப் புரிந்துகொண்டால் டிரம் தேர்வு தலைகீழாக மாறிவிடுகிறது. உப்புநீர் இருந்த டிரம் முதல் இடத்துக்கு வரும். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கெர்கின் என்ற சிறு வெள்ளரியை உப்புநீரிலோ வினிகரிலோ ஊறப்போட்டு டிரம் டிரம்மாக ஏற்றுமதி செய்கிறார்கள். அந்தத் தொழிலைச் சுற்றிப் புழங்கும் டிரம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். டிரம்மைக் கவிழ்த்த பிறகும் அடியில் 200 மில்லி பத்து சதவீத உப்புநீர் தங்கியிருந்தது என்று வைத்துக்கொண்டாலும் அதில் உப்பு 20 கிராம். கழுவாமலே 200 லிட்டர் நிரப்பினால்கூட லிட்டருக்கு 100 மில்லிகிராம்தான் கூடும். நம்மூர் போர் தண்ணீர் பலவற்றில் இதைப்போலப் பல மடங்கு உப்பு ஏற்கனவே இருக்கிறது.

அடுத்து வினிகர், கிளிசரின், சார்பிட்டால். பிறகு குளுக்கோஸ் பாகு, பழக்கூழ், தேன். சர்க்கரை எளிதில் கரையும் என்பதால் இதை முதலிடத்தில் வைக்கத் தோன்றும். ஆனால் மூடியின் மரையிலும் கழுத்தின் உள்மடிப்பிலும் ஒட்டிய பாகு கொஞ்சம் தங்கினாலும் உரக்கரைசலில் பாக்டீரியாவுக்கு விருந்து. அது தின்று பெருகும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்னும். சுவரில் வெள்ளையாக ஒரு சளி படரும். வேரழுகல் என்று மருந்து தேடி அலையும் சில தொட்டிகளில் நோயாளி செடியல்ல, மூடியின் மரை. இதற்கும் கீழே சமையல் எண்ணெய் டிரம். கடைசி இடத்தில் எசென்ஸும் ஊறுகாயும். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மிளகாயும் ஒரு வருஷம் ஊறிய டிரம் அந்தக் குடும்பத்தோடு உறவாகிவிட்டது. பிரித்துக் கூட்டிவர முடியாது.

சலவைச் சோப்புத் தொழிலிலிருந்து வரும் டிரம்களைத் தனியாகச் சொல்லவேண்டும். நுரை தரும் எஸ்எல்இஎஸ் என்ற கெட்டிப் பசை இவற்றில் வரும். தண்ணீரில் கரையும் சரக்குதான், ஆனால் துளியூண்டு போதும், காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் போட்ட தொட்டியில் நுரை கரைபுரளும். பத்து அலசலுக்குப் பிறகும் குலுக்கினால் நுரை நின்றால் அந்த டிரம்மை மாடி கழுவும் தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கை நம்புவது

வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து முகர்வதை எல்லோரும் செய்கிறார்கள். அதில் பயன் குறைவு. கடையில் டிரம் திறந்தே கிடக்கும், காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். காஸ்டிக் சோடா போட்டுக் கழுவியும் வைத்திருப்பார்கள். சரியான முறை வேறு: ஐந்து லிட்டர் வெந்நீர் ஊற்றி, மூடியை லேசாக வைத்து நன்றாக உருட்டுங்கள். சூடு ஆறியதும் இறுக மூடி ஒரு முழுநாள் வெயிலில் போடுங்கள். மறுநாள் நடுப்பகலில் திறந்த அந்தக் கணமே முகரவேண்டும். சுவருக்குள் ஒளிந்திருந்தது அப்போதுதான் வெளியே வரும். கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் மட்டுமே இது சாத்தியம், ஆகையால் பேரம் பேசும்போதே அதையும் பேசிவிடுவது நல்லது. பெட்ரோல் வாடை, பெயின்ட் வாடை, கொசுமருந்து வாடை போன்று எதாவது லேசாக வந்தாலும் பேச்சே இல்லை. ஆழமாக இழுத்து முகராதீர்கள். கையால் விசிறி மூக்குப் பக்கம் காற்றைக் கொண்டுவந்தால் போதும்.

மூடியின் வாஷரைக் கழற்றித் தனியாக முகர்ந்து பாருங்கள். டிரம் சுவரைவிட ரப்பர் அதிகம் குடிக்கும். நல்ல டிரம் என்றாலும் வாஷரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போடுவதே என் கட்சி. முழுவாய் டிரம்மின் மூடிக்குள் பஞ்சுபோன்ற வளையம் இருந்தால் அதற்கும் அதே கதி.

கறுப்பு டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிச்சம் புகாது, பாசி பிடிக்காது என்று தோட்டக்காரர்கள் அதைத் தேடுகிறார்கள். கறுப்பு என்பது மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கின் கலவை நிறங்களை மூடி மறைக்க வசதியான நிறம். வார்த்த ஆலையின் பெயரும் தரக்குறியும் இல்லாத கறுப்பு டிரம்முக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. நீலத்தை வாங்கி வெளிச்சத்தை மறைத்துக்கொள்வது மேல்.

கழுவும் கணக்கு

முப்பது லிட்டர் தண்ணீர் செலவழிக்கத் தயார் என்றால் அதை ஒரே மூச்சில் ஊற்றிக் கொட்டாதீர்கள். அடியில் தங்கும் 200 மில்லியைக் கொண்டு கணக்குப் போடலாம். முப்பது லிட்டரையும் ஒரே தடவை ஊற்றினால் அழுக்கு நூற்றைம்பதில் ஒரு பங்காகக் குறையும். அதையே பத்துப் பத்தாக மூன்று தடவை ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கவிழ்த்து வடித்தால், தடவைக்கு ஐம்பதில் ஒன்று. மூன்றாவது முடிவில் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரத்தில் ஒன்று. தண்ணீர் அதேதான். வடிய விடுவதில்தான் சூட்சுமம், ஒவ்வொரு முறையும் வாய் கீழே பார்க்க இரண்டு நிமிஷமாவது நிற்கவேண்டும்.

அலசிய பிறகு சோடா. இருபது லிட்டர் வெந்நீரில் 200 கிராம் வாஷிங் சோடா. சமையல் சோடா இல்லை, துணிக்குப் போடும் சோடா. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். சூடு 50, 60 டிகிரிக்குள் இருக்கட்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் டிரம் கோணிக்கொள்ளும். வெந்நீர் ஊற்றியதும் மூடியை இறுக்கிவிட்டு உருட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உள்ளே ஆவி கட்டி, திறக்கும்போது முகத்தில் அடிக்கும். இறுக்கியபடியே ஆறவிட்டாலோ டிரம் உள்வாங்கிச் சப்பிக்கொள்ளும். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு முறை மூடியைத் தளர்த்தி மூச்சு விடவைக்கவேண்டும்.

இருபது லிட்டர் என்ற அளவுக்குக் காரணம் இருக்கிறது. 200 லிட்டர் டிரம்மைப் படுக்கவைத்து 20 லிட்டர் ஊற்றினால் தண்ணீர் சுற்றுச்சுவரில் சரியாகக் கால்வாசியை நனைக்கும். கால் திருப்பம், இன்னொரு கால் திருப்பம் என்று நான்கு நிலையில் வைத்தால் சுற்று முழுவதும் நனைந்துவிடும். ஆனால் அடித்தட்டின் நடுவும் மேல்தட்டின் நடுவும் நனையாது. அதற்கு ஒரு முறை நிமிர்த்தியும் ஒரு முறை கவிழ்த்தும் நிறுத்தவேண்டும். ஆக ஆறு நிலை, நிலைக்குப் பத்து நிமிஷம், ஒரு மணி நேர வேலை. இந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க மனமில்லாமல்தான் ஐந்து லிட்டரில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுக் கழுவியாயிற்று என்கிறோம்.

தேய்க்கும் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும்: கம்பி நார் கூடாது. கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கும் யோசனையும் வேண்டாம். கீறல் ஒவ்வொன்றும் பிறகு பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் குடிசை. முழுவாய் டிரம்மில் கையை விட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்க்கலாம். குறுகிய வாய் என்றால் நீளமான பிவிசி பைப் நுனியில் பாட்டில் பிரஷ்ஷைக் கட்டி விடவேண்டும். கூடவே இரண்டு கை கல்லுப்பும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு உருட்டினால் உப்பு தேய்க்கிற மட்டும் தேய்த்துவிட்டுக் கரைந்து போய்விடும்.

குளோரின் போடுவது கடைசியில். சோடாவை மூன்று முறை அலசிய பிறகு, 20 லிட்டர் தண்ணீரில் நான்கு சதவீத திரவ பிளீச் 100 மில்லி. பிளீச்சிங் பவுடர்தான் கையில் இருக்கிறது என்றால் நல்ல பவுடரில் 13 கிராம். வாளியில் கரைத்துத் தெளியவிட்டு மேல்நீரை மட்டும் ஊற்றவேண்டும், மண்டி வேண்டாம். இரண்டு வழியிலும் லிட்டருக்கு 200 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். பாக்கெட் பிரித்து ஆறு மாதம் ஆன பவுடர், வெயிலில் வைத்த பிளீச் எல்லாம் வீரியம் போனவை, அவற்றை நம்பாதீர்கள். மறுபடியும் ஆறு நிலை, பத்துப் பத்து நிமிஷம். சளிப் படலம் இருக்கும்போதே பிளீச் ஊற்றினால் மேல்பூச்சைத்தான் கொல்லும். அடியில் இருப்பவை தப்பிவிடும். அதனால்தான் தேய்ப்பது முதலில், பிளீச் பிறகு. வினிகர் டிரம்மில் மட்டும் இரட்டிப்பு எச்சரிக்கை: அமிலம் மிச்சமிருக்கும்போது பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். கடைசி அலசல் தண்ணீரில் நீல லிட்மஸ் தாள் சிவக்கவில்லை என்று பார்த்துவிட்டே பிளீச்சுக்குப் போகவேண்டும். பினாயிலையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றும் ஆர்வக்கோளாறும் வேண்டாம்.

பிறகு மூன்று அலசல், வாய் சாய்த்து இரண்டு நாள் வெயிலில் காய்ச்சல். அத்தோடு குளோரின் போய்விடும்.

வெந்தயம் சொல்லும் சேதி

டிடிஎஸ் மீட்டரை உள்ளே விட்டு, "பார்த்தீங்களா, வெறும் அறுபது" என்று சந்தோஷப்படுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அந்த மீட்டர் மின்சாரம் கடத்தும் உப்பை மட்டுமே எண்ணும். எண்ணெய், எசென்ஸ், களைக்கொல்லி எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் கலந்த ஆர்ஓ தண்ணீருக்கும் அது அறுபதே காட்டும்.

செடிக்காகத்தான் தொட்டி என்றால் செடியிடமே கேட்பது முறை. பத்து லிட்டர் நல்ல தண்ணீரைக் கழுவிய டிரம்மில் ஊற்றி மூன்று நாள் வெயிலில் வையுங்கள்; தினமும் காலையும் மாலையும் உருட்டுங்கள். அதே தண்ணீரில் ஒரு சொம்பை எவர்சில்வர் பாத்திரத்தில் தனியே மூடி வையுங்கள். நான்காம் நாள் இரண்டு தட்டில் மடித்த பருத்தித் துணி, தட்டுக்கு 25 வெந்தயம். ஒன்றை டிரம் தண்ணீரிலும் மற்றதைப் பாத்திரத் தண்ணீரிலும் நனைத்து நிழலில், ஒரே இடத்தில் வைக்கவேண்டும். இரண்டே நாளில் முளை தெரியும். ஐந்தாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணுவதோடு நிறுத்தாமல் வேரை அளவுகோலில் வைத்து அளந்து பாருங்கள். முளைப்பு விதைக்குள் இருக்கும் சேமிப்பில் நடந்துவிடும்; தண்ணீரின் குணம் வேரில்தான் தெரியும். டிரம் தண்ணீர் வேர் சராசரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குட்டையாக இருந்தாலோ, நுனி பழுப்பேறிச் சுருண்டிருந்தாலோ, மறுபடி கழுவி மறுபடி பாருங்கள். இரண்டாம் முறையும் அப்படியே என்றால் கைவிடவேண்டியதுதான்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. களைக்கொல்லிகள் பலவற்றை வெந்தயம் காட்டிக்கொடுக்கும், எல்லாவற்றையும் அல்ல. பூச்சிக்கொல்லி பூச்சியின் நரம்புக்கென்று செய்தது, விதை அதைச் சட்டை செய்யாமலே வளர்ந்துவிடும். ஆகவே மூக்கில் தேறாத டிரம்மை வெந்தயத்தில் தேறியது என்று சொல்லி உள்ளே விடக்கூடாது.

எதுவும் ஒட்டாத பிளாஸ்டிக்

டிரம்மை வெட்டவோ துளைக்கவோ போகும்போது, அதில் எரியும் சரக்கு இருந்திருக்குமோ என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் கிரைண்டரைத் தொடவேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஆவி போதும். துளைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டு வேலை செய்வது பொதுவாகவே நல்ல பழக்கம். பேட்டரி டிரில்லாகவும் இருக்கட்டும்.

குழாய் வைக்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்களின் டிரம் ஒழுகுகிறது. ஓட்டை போட்டு, பைப்பைச் செருகி, சுற்றி எம்சீல் அப்பிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் எம்சீல் அப்படியே முழு வளையமாகக் கழன்று கையோடு வரும். எச்டிபிஇயில் எம்சீலும் ஒட்டாது, சிலிகானும் ஒட்டாது, பிவிசி சொல்யூஷனும் ஒட்டாது. இறுக்கிப் பிடிக்கும் ரப்பர்தான் ஒரே வழி, அதாவது வாஷர் வைத்து நட்டால் இறுக்கும் டேங்க் நிப்பிள் என்ற குழாய் இணைப்பு. முக்கால் அங்குல நிப்பிளின் மரை வெளிவிட்டம் 26.4 மில்லிமீட்டர், 27 அல்லது 28 மில்லிமீட்டர் ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) துளை போடவேண்டும். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டால் விளிம்பு மேடுபள்ளமாகி வாஷர் உட்காராது. துளையின் பிசிறைப் பிளேடால் சீவிவிட்டு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ரப்பர் வாஷர் போட்டுக் கையால் இறுக்கி, ஸ்பேனரில் அரைச் சுற்று. அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி வெளியே வந்துவிடும். டிரம் வளைவானது என்பதால் பெரிய நிப்பிள் போடப் போட ஒழுகும் வாய்ப்பு கூடும்; ஒரு அங்குலத்தைத் தாண்டாதீர்கள். துளை அடியிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் மேலே இருந்தால் வண்டல் குழாய்க்குள் போகாது.

நீலத்தின் துரோகம்

நீல டிரம் வெளிச்சத்தை மறைக்கும் என்பது நம்பிக்கை. இருட்டியபின் உள்ளே செல்போன் டார்ச்சைப் போட்டு மூடிப் பாருங்கள், டிரம் முழுவதும் நீல விளக்காக ஒளிரும். நீலப் பிளாஸ்டிக் உள்ளே விடுவது நீல வெளிச்சத்தை. பாசியின் பச்சையம் விரும்பிக் குடிப்பதும் அதைத்தான். உரம் கலந்த தண்ணீர், வெயில், நீல ஜன்னல், வேறென்ன வேண்டும் அதற்கு? பெயின்ட் அடிக்கலாம் என்றால் இந்தப் பிளாஸ்டிக்கில் பெயின்டும் உரிந்துவிடும். உப்புத்தாளால் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, கறுப்பு ஒரு கோட், அதன்மேல் வெள்ளை ஒரு கோட் அடித்தால் சில வருஷம் நிற்கும். அதைவிட மலிவு, காய்கறித் தோட்டத்தில் விரிக்கும் மல்ச்சிங் ஷீட். கறுப்பு உள்ளே, வெள்ளி வெளியே வைத்து இரண்டு சுற்றுச் சுற்றி சணலால் கட்டினால் வெளிச்சமும் தடுபடும், வெயிலும் திரும்பிப்போகும். பின்பக்கம் கறுப்பாக இருக்கும் பழைய ஃபிளெக்ஸ் பேனரும் உதவும்; தேர்தல் முடிந்ததும் தட்டுப்பாடே கிடையாது.

வெயிலைக் குறைப்பது வெறும் சொகுசுக்காக இல்லை. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை வைத்துக்கொள்ளும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடத் தேறாது. வேருக்கு மூச்சு முட்டும் அதே சூட்டில்தான் வேரழுகல் தரும் பித்தியம் என்ற பூஞ்சைபோன்ற கிருமிக்குக் கொண்டாட்டம். ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இரண்டு லிட்டர் பாட்டில் முழுக்க உறைந்திருந்தாலும் 200 லிட்டரை ஏறக்குறைய ஒரு டிகிரிதான் இறக்கும். நிழலும் வெள்ளி ஷீட்டும் செய்யாததை ஐஸ் செய்யாது.

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல். அது உட்காரும் வட்டம் சதுர மீட்டரில் கால்பங்கு சொச்சம். நடமாடும் மொட்டைமாடிக்கு ஐ.எஸ். 875 வைக்கும் கணக்கு சதுர மீட்டருக்கு 150 கிலோ. டிரம்முக்குக் கீழே மட்டும் அதைப்போல ஐந்து மடங்கு. உடனே இடிந்துவிடாது, ஆனால் நான்கு டிரம்மை வரிசையாக மாடியின் நட்ட நடுவில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் ஓரத்தில் வையுங்கள்.

ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதில்லை, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீரைக் கொட்டி டிரம்மைக் காயவைத்தாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நிரப்பினால் பொரிக்கும். அதனால் பயிருக்குப் பயிர் தொட்டியைக் கழுவும்போது அந்த விளிம்பு வளையத்தைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்கவேண்டும். காற்றுத் துளை, ஓவர்ஃப்ளோ பைப் இரண்டுக்கும் நைலான் வலை கட்டாயம். அந்தக் கழுவலின்போது சுவரில் வெள்ளையாக உரப்படிவு இருந்தால் பிளீச்சுக்கு அது அசையாது. லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊறவைத்தால் இளகும். அதை நன்றாக அலசிவிட்டு, வேறொரு வேளையில் பிளீச். இரண்டும் ஒரே வாளியில் சந்திக்கக்கூடாது. வெளிச்சுவரை நகத்தால் கீறும்போது வெள்ளைத் தூள் வந்தால் வெயில் பிளாஸ்டிக்கைத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்த டிரம்மைத் தூக்கும்போது விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளந்துகொள்ளும்.

தேறிய டிரம்மின் மேல் பெர்மனன்ட் மார்க்கரில், முன்பு என்ன இருந்தது, எந்தத் தேதியில் கழுவியது என்று எழுதிவையுங்கள். தேறாத டிரம்மைக் காயலான் கடைக்குப் போடும்போது, எரியும் சரக்கு இருந்த சந்தேகம் இல்லையென்றால், அதே 28 மில்லிமீட்டர் ஹோல் சாவால் அடித்தட்டில் இரண்டும், பக்கச் சுவரில் இரண்டுமாக ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் அடுத்த வாரம் அது வேறொரு கடை வாசலில் நிற்கும், ஃபுட் கிரேடு என்று.